ஆறு கை உப்பு

முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். அதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வதில் அர்த்தமில்லை.

நோன்பு தொடங்கி ஐந்தாம் நாள். மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, பள்ளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரும் கஞ்சிக் கோப்பையைத் தூக்கினோம். ஒரு மிடறு உள்ளே போனதுதான் தாமதம், “என்ன நானா, கடல் தண்ணியை அப்பிடியே அள்ளிக் கிடாரத்துக்குள்ள ஊத்திட்டீங்களோ?” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்ற நானாவும் சிரித்தார். பிறகு தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

நானா, அண்ணன், என்று கூப்பிட்டாலும் என் கூடப்பிறந்தவர் அல்ல. அடுத்த வளவுக்காரர். தகர வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். வருஷத்தில் பதினொரு மாதம் அவர் மீன்வாடியில் ஐஸ் உடைக்கிற ஆள். அவரை யாரும் தேடிப் போவதில்லை, கலியாண வீட்டில் முன்கதிரையில் உட்கார வைப்பதுமில்லை. நோன்பு மாதம் பிறந்தால் மட்டும் அவர் ‘கஞ்சி நானா’. பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிக் குசினி வாசலில் தூக்குச்சட்டியோடு சனம் நிற்கும். நிர்வாகத் தலைவரே வந்து, “என்ன மாதிரி நானா, இண்டைக்கு இறைச்சி போதுமோ?” என்று கேட்பார். இந்த ஒரு மாதத்துக்காகத்தான் மனிதர் மற்றப் பதினொரு மாதமும் உயிரோடு இருக்கிறார் என்று என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னது பகிடி இல்லை.

கஞ்சிக்கு அவர் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எடுப்பார். நீலப் பீப்பாக்களில் நிரப்பித் தள்ளுவண்டியில் பள்ளிக்குக் கொண்டுபோவார். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி எல்லாம் போட்டுக் காய்ச்சி, கடைசியில் பிஸ்மி சொல்லி ஆறு கை கல்லுப்பு. எண்ணி ஆறு. ருசி பார்க்கமாட்டார். நாக்கு நுனியில் பட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று மௌலவி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். “இருவது வருஷமாப் பார்க்காத உப்பை இனியோ பார்க்கப்போறன்?” என்பார் நானா. ஒருநாளும் பிழைத்ததில்லை. அதனால்தான் அன்றைக்கு எனக்கு வாய் கொழுத்தது. பிழைக்காத ஆள் பிழைத்தால் யாருக்குத்தான் சொல்லிப்பார்க்க ஆசை வராது?

ஊரில் உப்பைப் பற்றி நான் சொன்னால் எடுபடும். காரணம் என் தம்பியின் நீச்சல் தடாகம். லண்டனில் இருக்கிற தம்பி, எங்கள் வாப்பாவின் வளவிலேயே ஒரு மாடிவீடு கட்டி, அதன் பின்பக்கம் ஒரு நீச்சல் தடாகமும் வெட்டினான். நாலு பக்கமும் கடல் கிடக்கிற தீவில் உனக்கு என்னடா குறை என்று கேட்டேன். கடலில் உடம்பில் பட்டால் எரிகிற சொறிமுட்டை கிடக்கும், பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றான். வருஷத்தில் மூன்று கிழமை வந்து நிற்பார்கள். மிச்ச நாளெல்லாம் அந்தத் தண்ணீரைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறவன் நான். கட்டாரில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் அவனுக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

அது உப்புத் தண்ணீர்த் தடாகம். குளோரின் தூளைக் கொட்டினால் பிள்ளைகளுக்குக் கண் எரியும் என்று, உப்பிலிருந்தே குளோரின் செய்கிற ஒரு பெட்டியை மோட்டருக்குப் பக்கத்தில் பூட்டியிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு உப்பு அளவாக இருக்கவேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மூன்றரைக் கிராம், அதாவது கடலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. உப்பு அளக்கிற என் மீற்றரைத் தண்ணீருக்குள் பிடித்தால் மூவாயிரத்தைந்நூறு என்று காட்டவேண்டும். குறைந்தால் பெட்டி வேலை செய்யாது, தண்ணீர் பாசி பிடித்துவிடும். கூடினால் சிவப்பு லைற் எரிந்து தானாக நின்றுவிடும். பெண் பார்க்கப் போன வீட்டுக்காரர் மாதிரி, எதைச் செய்தாலும் அதற்கு ஒரு குறை.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீர் கண்முன்னாலேயே வற்றும். போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. வற்றின அளவுக்கு எங்கள் வளவுக் கிணற்றிலிருந்து மோட்டர் போட்டு விட்டால் அதுவும் உப்புக் கலந்த சவர்த் தண்ணீர். மேலே மேலே உப்பு ஏறும். நாலாயிரத்தைந்நூறு, ஐயாயிரம் என்று நான் கரித்துண்டால் மோட்டர் அறைச் சுவரில் எழுதி வைப்பேன். சிவப்பு லைற் எரிந்ததும் தடாகத்தில் கால்வாசியை இறைத்துவிட்டுப் பவுசர் லொறியில் நல்ல தண்ணீர் எடுத்து நிரப்புவேன். மாரி பிறந்தால் எல்லாம் தலைகீழ். மழையில் தடாகம் நிரம்பி வழியும், உப்புக் குறையும், நான் உப்பளத்து மூட்டைகளை உடைத்துக் கொட்டுவேன்.

இறைத்த தண்ணீர், வழிந்த தண்ணீர் எல்லாம் எங்கே போனது? பின்வேலியோரம் நானே ஒரு குழி வெட்டி வைத்திருந்தேன். ரோட்டில் விட்டால் சனம் சத்தம் போடும். எங்கள் மணல் நல்ல மணல், எவ்வளவு விட்டாலும் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். தம்பிக்கு அதை வீடியோ எடுத்துக்கூட அனுப்பினேன், “பார், ஒரு சொட்டு நிக்கேல்லை” என்று. கட்டாரில் ஒரு மூடியைத் திறந்து குழாயை உள்ளே விடுவோம், தண்ணீர் போய்விடும். அது எங்கே போகிறது என்று பதினொரு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இங்கேயும் அதே புத்தியோடு வந்து நின்றேன்.

சரி, கஞ்சிக்கு வருகிறேன். ஆறாம் நாள் நானா ஐந்து கை உப்புப் போட்டார். என்னிடம் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போட்டார். அன்றைக்கும் கரித்தது. ஏழாம் நாள் பள்ளிக்குப் புரியாணி கொண்டுவந்த ஒருவர் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். வராந்தாவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வயசு போனால் கை நடுங்கும் என்றார் ஒருவர். சீனி வருத்தக்காரருக்கு நாக்கு மரத்துப்போகும் என்றார் இன்னொருவர். நான் பெரிய ஆள் மாதிரி, “நானா போடுறது அஞ்சு கை எண்டு நினைக்கிறார், ஆனா எட்டுப் போகுது போல” என்றேன். இதைச் சொன்னதும் நான்தான். என் வாய் சும்மா கிடந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

எட்டாம் நாள் தலைவர் நானாவின் தோளில் கையைப் போட்டு, “இந்த வருஷம் கொஞ்சம் ஆறுங்கோ நானா, உடம்பைப் பாருங்கோ” என்றார். அவ்வளவுதான். பஸார் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரோடு கஞ்சிக்குப் பேசினார்கள். அவர் தன் கடையில், குழாய்த் தண்ணீரில் காய்ச்சிக் கொண்டுவந்தார். உப்பு அளவாக இருந்தது. பிறகு யாருக்குச் சந்தேகம்? நானாவின் கை போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அவர் நோன்பு துறக்கப் பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நோன்பு. வழக்கம்போலத் தடாகத்தில் மீற்றரைப் பிடித்தேன். மூவாயிரத்து நானூறு. தங்கமான அளவு. மீற்றரை நல்ல தண்ணீரில் கழுவி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பூத்துவிடும். அதற்கென்று நானா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பெரிய போத்தலில் பிடித்து மோட்டர் அறையில் வைத்திருப்பேன். எங்கள் பக்கத்தில் அதுதான் நல்ல கிணறு. மீற்றரை அதற்குள் விட்டால் இருநூறு, இருநூற்றைம்பதுக்கு மேல் காட்டாது. ஒரு போத்தல் எனக்கு ஆறேழு மாதம் வரும். அது முடிந்து, அன்று காலையில்தான் நானாவின் மனைவி, மதினியிடம் கேட்டுப் புதிதாகப் பிடித்து வந்திருந்தேன்.

மீற்றரை அந்தத் தண்ணீருக்குள் விட்டேன். ஆயிரத்து எழுநூறு.

மீற்றர் பழுது என்று பற்றரியை மாற்றினேன். ஆயிரத்து எழுநூறு. குசினிக்கு ஓடி, கடையில் வாங்கின குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதற்குள் விட்டேன். அறுபது. திரும்ப வந்து கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டேன். ஆயிரத்து எழுநூறு. தலையைத் தூக்கிப் பார்த்தால் பின்வேலி, வேலியடியில் என் குழி, வேலிக்கு அந்தப் பக்கம் இருபது காலடியில் நானாவின் கிணற்றுக் கட்டு. சுவர் முழுக்க என் கையெழுத்தில் இலக்கங்கள். யா அல்லாஹ், நான் என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறேன்!

எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் எப்போதோ குழாய்க்கும் போத்தலுக்கும் மாறிவிட்டோம். அந்தக் கிணற்றைக் குடித்தது நானாவும் மதினியும் பள்ளிக் கிடாரமும்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஏறின உப்பு, தினமும் குடித்த அந்த இரண்டு பேரின் நாக்குக்கும் பிடிபடவில்லை. கிடாரத்தில் கொதித்து வற்றினபோதுதான் அது வெளியே வந்தது; முதல் நாலு நாளும் கரித்துத்தான் இருக்கும், நான் வாயைத் திறக்கும்வரை ஒருவரும் சொல்லவில்லை. நானாவின் ஆறு கை ஆறு கையாகவே இருந்திருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன். “இஞ்ச பாருங்கோ, இப்பவே போய்ச் சொல்லுங்கோ” என்றாள். “நாளைக்குப் போறன்” என்றேன். நாளைக்குப் போனேனா? இல்லை. தம்பியிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று அவனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப எங்கட தண்ணி தெளிவாத்தானே இருக்கு?” என்றான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒளிந்துகொண்டு இன்னும் எட்டு நாள் கடத்தினேன். குழிக்குப் போகிற குழாயை மட்டும் கழற்றி எறிந்தேன். பத்து நாள் நானாவின் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத ஆளோடு பேசிக்கொண்டு போனேன். இப்படியும் ஒரு கோழை இருப்பானா? இருந்தான், நான்தான்.

இருபத்திரண்டாம் நோன்பு, அஸருக்குப் பிறகு, என் மனைவி என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். போனேன். நானா முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஒரு தட்டில் உப்பை வைத்து, கையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுத் தட்டைக் கதிரைக்குக் கீழே தள்ளினார்.

“வா தம்பி, இரு. பெருநாள் முடியட்டும், பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஒருக்காக் காட்டுவம் எண்டிருக்கிறன். நரம்புக்கு ஏதோ சோதனை இருக்காம்.”

“நானா, உங்கட கையில ஒரு பிழையும் இல்லை” என்றேன். “பிழை என்னில. நான் தடாகத்துத் தண்ணியை வேலியடியில விட்டனான். ரெண்டு வருஷமா. அது உங்கட கிணத்துக்குள்ள இறங்கிட்டுது. தண்ணியே உப்பு நானா. நீங்க சரியாத்தான் போட்டிருக்கிறீங்க.”

அவர் கதிரையை விட்டு எழும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. நான் அடிவாங்கத் தயாராகப் போனவன், அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்! கேட்டியாடி? என்ட கை பிழையில்லையாம்! நான் சொன்னன்தானே, ஆறு எண்டால் ஆறுதான்!” என்று கையை விரித்துக் காட்டி வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார். “தம்பி, இதைப் பள்ளியில வந்து சொல்லுவியா? எல்லாருக்கும் முன்னால?”

“சொல்லுறன் நானா.”

மதினி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. அவ சிரிக்கவில்லை. “அப்ப கிணறு?” என்றா.

நானா திரும்பிப் பார்த்தார்.

“கிணறு என்ன மாதிரி தம்பி? திரும்பிச் சரிவருமோ?” என்று மதினி என்னைக் கேட்டா.

அந்தக் கிணற்றைப் பற்றி எனக்கும் தெரியும். யுத்தத்தில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாகக் கிடந்து வருஷக்கணக்கில் ஆனபிறகு அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, சுவர் இல்லை, கூரை இல்லை. கிணறு மட்டும் குப்பையும் கல்லுமாகக் கிடந்தது. இறைத்துத் துப்பரவாக்கினால், தண்ணீர் பழைய ருசியோடேயே ஊறியது. அதற்காகத்தான் மதினி அங்கேயே கொட்டில் போட்டு இருந்தா. மழை பெய்து பெய்து, எத்தனை மாரி போனபிறகோ சரிவரலாம், வராமலும் விடலாம். எனக்குத் தெரியாது. தடாகத்தில் எவ்வளவு உப்புப் போடவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மண்ணுக்குள் போன உப்பைத் திரும்ப எடுக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. “தெரியாது மதினி” என்றேன். அவ உள்ளே போய்விட்டா. நானாவின் கை மட்டும் விரிந்தபடியே இருந்தது.

மறுநாள் ஜும்ஆ. தொழுகை முடிந்ததும் எழும்பி நின்று சொன்னேன். குழி, குழாய், கிணறு, என் வாய்க்கொழுப்பு, ஒன்றையும் விடவில்லை. யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைவர் நேரே நானாவின் வீட்டுக்குப் போய், கடைக்காரரோடு பேசின பேச்சு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, திங்கள் தொடக்கம் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். தண்ணீருக்குப் பவுசர் நான் பிடிப்பேன் என்று ஒத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அஸர் முடிந்து கொஞ்ச நேரத்தில் நானா ஆள் அனுப்பி என்னை மீற்றரோடு வரச்சொன்னார். பள்ளிக் குசினியில் கஞ்சி கொதித்து அடங்கியிருந்தது. உப்புப் பானை திறந்திருந்தது. நானாவின் கை உள்ளே போகவில்லை.

“மீற்றரைக் கொண்டந்தியா?”

“எதுக்கு நானா?”

“இது புதுத் தண்ணி. என்ட கைக்குத் தெரியாது. நான் போட்டுப் போட்டு வாறன், நீ அளந்து சொல்லு.”

மீற்றர் கஞ்சிக்கு ஆகாது. பாலும் அரிசிக் கூழுமாக, சுடச்சுட இருக்கிற ஒன்றுக்குள் அதை விட்டால் வாய்க்கு வந்ததைக் காட்டும். காட்டினாலும், கஞ்சிக்கு எந்த இலக்கம் சரி என்று உலகத்தில் எவன் எழுதி வைத்திருக்கிறான்? “நானா, உங்கட ஆறு கையைப் போடுங்கோ, அது போதும்” என்றேன். தலையை ஆட்டினார். இரண்டு கை போட்டார். மூன்றாவதை அள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், பாதியைத் திரும்பப் பானைக்குள் விட்டார். கை நடுங்கியது. முன்பு நடுங்காத கை. நாங்கள் சொல்லிச் சொல்லி நடுங்க வைத்த கை.

“ஒருக்கா அளந்து பார் தம்பி.”

மௌலவி சொன்னபடி நாக்கில் தொட்டுத் துப்பிப் பார்க்கலாமே என்று வாய்வரை வந்தது. இருபது வருஷம் செய்யாததை அவரைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே பார்த்தாலும் அவருக்கு அது அவமானம். ஒரு கோப்பையில் கஞ்சி எடுத்து, மீற்றரை உள்ளே விட்டு, ஏதோ ஒரு இலக்கத்தைப் பார்த்தேன். “சரி நானா, அளவா இருக்கு” என்றேன். அவர் மூச்சு விட்டார். உப்புப் பானையை மூடினார்.

பாங்கு சொன்னது. எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கோப்பையைத் தூக்கினோம். உப்புப் போட்ட மாதிரியே இல்லை. வெறும் கூழ். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்கள். தலைவர் குடித்தார். புரியாணிக்காரர் குடித்தார். சிலர் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கினார்கள். “நல்லா இருக்கு நானா” என்றார் யாரோ. ஒரு பகிடி இல்லை, ஒரு சத்தம் இல்லை. நானும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

நானா கிடாரத்தடியில் நின்று தன் கோப்பையில் ஒரு வாய் குடித்தார். வரிசையை ஒருதரம் முழுக்கப் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

“ஏன்டா தம்பி,” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல், “அண்டைக்கு மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.”